லொரெய்னின் பல்குச்சி

அன்புள்ள அம்மாவுக்கு,

கேப் பிரெட்டனில் குளிர் குறைந்ததா, உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? ராச்செஸ்டரில் நான் நலம்.

இங்கே சின்னக் கேமராக்களில் கண்ணாடி வில்லைகளைப் பசை வைத்து ஒட்டுகிறோம். லேசர் பட்டால் இரண்டே நொடியில் பசை இறுகிவிடும். லொரெய்ன் என்ற மூத்த தொழிலாளி மட்டும் ஒவ்வொன்றையும் பல்குச்சியால் தொட்டுப் பார்ப்பார்.

"விளிம்புக்கு அடியில இன்னும் பிசுபிசுங்குது தம்பி, நிறுத்து" என்றார் ஒருநாள்.

"இறுகிடுச்சுன்னு மெஷினே சொல்லுது. உங்க குச்சிக்கு என்ன தெரியும்?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாளே அவர் வேறு பிரிவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார்.

அவர் சொன்னதுதான் சரி: விளிம்பின் நிழலில் லேசர் படவே இல்லை, அங்கே பசை இறுகவில்லை. வில்லை கழன்று நானூறு கேமராக்கள் திரும்பி வந்துவிட்டன. கவலைப்படாதே, என் வேலைக்கு ஆபத்தில்லை. யாரும் திட்டக்கூட இல்லை.

மீன் ஆலையில் நீ விரலால் தடவி முள் எடுப்பதையும் நான் கேலி செய்திருக்கிறேன். நீ பாட்டுக்கு அடுத்த மீனை எடுப்பாய்.

உன் ஓட்ஸ் பிஸ்கட் ஒரு டப்பா அனுப்பு. வெறுங்கையோடு போனால் லொரெய்னிடம் மன்னிப்புக் கேட்க வாய் வராது. இரண்டாகவே அனுப்பு. முன்பெல்லாம் மதியம் அவர் எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிடுவேன். இப்போது தனியாகச் சாப்பிடுகிறேன்.

மணி அடித்துவிட்டது, போகிறேன்.

உன் மகன்,
கார்மக்