பேசாதவளின் கேசட்டு

என் அருமை ஜமீலா, எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுகிறவளே,

எப்படியடி இருக்கிறாய்? அங்கேயாவது வாயைத் திறக்கிறாயா? நான் நன்றாக இருக்கிறேன். மாடிப்படி ஏறத்தான் மூட்டு மறுக்கிறது. வாய்க்கு ஒரு குறையும் இல்லை.

உன்னிடம் சொல்லியே ஆக வேண்டிய சேதி ஒன்று. நேற்று உன் மகள் ரெஹானாவும் நானும் பாட்டுக்கடைக்குப் போயிருந்தோம். விருத்தாசலத்தில் பாட்டுக்கடையா என்று புருவத்தைத் தூக்குவாய். ஜங்ஷன் ரோட்டில் திட்டக்குடிப் பெண் ஒருத்தி, கவிதா என்று பெயர், சென்னையில் பார்த்த கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்து திறந்திருக்கிறாள்.

சுவர் முழுக்க இசைத்தட்டுகள். ரயில்வே ஸ்டேஷனில் கலர் பல்பு மின்ன நிற்குமே எடை பார்க்கும் மெஷின், அது ஒரு மூலையில். கண்ணை வைத்துப் பார்க்கும் பயாஸ்கோப் பெட்டி, விரலை விட்டுச் சுற்றும் கறுப்பு போன், கோலி சோடா. காலேஜ் பிள்ளைகள் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். கேசட் அலமாரியின் மேல் நம் தொழிற்பேட்டைப் பீங்கான் பொம்மைகூட ஒன்று உட்கார்ந்திருக்கிறது. பக்கத்துப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து நீயும் நானும் கண் வரைந்து தள்ளினோமே, அதே பொம்மை. பழம்பொருளாம்! அப்படியென்றால் என்னை எந்த அலமாரியில் வைப்பது?

பாட்டுக் கேட்க நாங்கள் போகவில்லை. உன் வீட்டுக்காரர் போன வருஷம் காலமானார். அது உனக்குத் தெரிந்திருக்கும். அவர் குவைத்திலிருந்து கொண்டுவந்த பெட்டியை இப்போதுதான் ரெஹானா திறந்து சுத்தம் செய்தாள். அடியில் கைக்குட்டையில் சுற்றிய கேசட் ஒன்று. அதன்மேல் என் கையெழுத்தில் உன் பெயர். அதைத் தூக்கிக்கொண்டு செருப்புகூடப் போடாமல் என் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

“சின்னம்மா, இதுல அம்மா பேசியிருக்காங்களா?”

அவள் நடை பழகும் முன்பே நீ கண்ணை மூடிவிட்டாய். முகத்துக்கு ஒரு போட்டோ இருக்கிறது. குரலுக்கு? உன் குரல் எப்படி இருக்கும் என்று சின்ன வயதிலிருந்து என்னைத் துளைத்தெடுப்பாள். குரலை எப்படியடி வாயால் சொல்வது? “மெதுவா இருக்கும்டி” என்பேன். என்னாலேயே அதற்குமேல் சொல்ல முடியவில்லை. இத்தனை வருஷம் அவர் ஏன் இதை மகளுக்குப் போட்டுக் காட்டவில்லை? தனக்கென்று மட்டும் வைத்துக்கொண்டாரோ என்னவோ.

கேசட்டைக் கண்டதும் அதைப் பதிந்த நாள் எனக்கு நினைவுக்கு வந்தது. அன்று நானும்தானே கூட இருந்தேன். கருவேப்பிலங்குறிச்சிக்காரர் ஒருவர் லீவு முடிந்து குவைத்துக்குக் கிளம்புகிறார், அவர் கையில் பேச்சைப் பதிந்து கொடுத்தனுப்பலாம் என்று, டேப்ரிக்கார்டரை நடுவில் வைத்து எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம். உன் மாமியார் பேசினார். நான் பேசினேன். நீ முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாய். கடைசியில் நீ பேசினாயா, இல்லையா? எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவே இல்லை. இதை அந்தப் பெண்ணிடம் நான் எந்த வாயால் சொல்வேன்?

கவிதா கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “நாடா ரொம்ப காஞ்சி போயிருக்குதும்மா. ஒரு தடவ ஓடுனாலே பெரிய விஷயம். ஓடும்போதே கம்ப்யூட்டர்ல புடிச்சிடறேன்” என்று சொல்லி பட்டனை அழுத்தினாள். ரெஹானா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் உன் மாமியார். “தம்பி, தலவலித் தைலம் தீந்துபோச்சுப்பா. வர்றவங்க யாருகிட்டயாச்சும் குடுத்தனுப்பு. ஒரு டார்ச் லைட்டும் சேத்து அனுப்பு.” நடுவில் ஒரு சேவல் கூவியது. அப்புறம் நான். அம்மாடி, என்ன வாய் எனக்கு!

“அண்ணே, நான் தனம் பேசறேன். உங்க வூட்ல முழுவாம இருக்குது. அவளா சொல்ல மாட்டா, வெக்கம். மாங்காயா தின்னு தீக்குறா, வந்தா தோப்பே வாங்கணும் நீங்க!”

“அது நானா சின்னம்மா?” என்று ரெஹானா சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிரம்பிவிட்டது.

அதற்குப் பிறகு என் குரல்தான் மறுபடியும். “பேசுடி. கேசட்டு ஓடுது பாரு. ஏய், பேசுடி!” நாடா கரகரவென்று ஓடுகிறது. உன் வளையல் சத்தம் கேட்கிறது, உன்னைத்தான் காணோம். எனக்கு வந்தது பார் கோபம்! “பாவி மவளே, ஒரு வார்த்த பேசேன்டி! உம் பொண்ணு உக்காந்திருக்குதுடி இங்க!” என்று மெஷினைப் பார்த்துக் கத்தியே விட்டேன். போட்டோ எடுத்த பிள்ளைகள் அப்படியே திரும்பிப் பார்த்தார்கள்.

அப்போது கேசட்டில், பால் பொங்குகிறது என்று சொல்லிக்கொண்டே உன் மாமியார் எழுந்து போனார். பிறகு யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

“சாப்டீங்களா?”

அவ்வளவுதான். டக்கென்று பட்டன் சத்தம், முடிந்தது.

கடல் தாண்டி இருந்த உன் புருஷனை நீ கேட்ட கேள்வி அது. ரெஹானா டேப்ரிக்கார்டரின் பக்கம் குனிந்து, சின்னப்பிள்ளைக் குரலில் சொன்னாள்: “சாப்ட்டேம்மா.”

பொய்யடி ஜமீலா! காலையிலிருந்து ஒரு வாய் டீகூட அவள் குடிக்கவில்லை. கேசட் ஓடுமோ ஓடாதோ என்று பட்டினியாகவே வந்திருந்தாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளை இழுத்துப்போய், எதிர் ஓட்டலில் உட்காரவைத்து, சுடச்சுட நாலு இட்லி தின்னவைத்த பிறகுதான் விட்டேன்.

நீ ஒரே ஒரு கேள்விதான் கேட்டாய். இனி அதை நாள் தவறாமல் உன் மகளிடம் நான் கேட்பேன். உன்னிடம் பொய் சொன்னது போல என்னிடம் சொல்லித் தப்பிக்க முடியாது. நீ நிம்மதியாக இரு.

உனக்கும் சேர்த்து இங்கே பேசிக்கொண்டிருக்கும்
உன் வாயாடி,
ரெஹானாவின் சின்னம்மா தனம்