பூட்டி வைத்த மெயின் சுவிட்ச்

என்னங்க,

வீடு பத்திரம், நாங்களும் பத்திரம். நேற்று ஃபிரிட்ஜ் பிளக் தீப்பிடித்தது. வாளியோடு ஓடினேன்.

"தண்ணி ஊத்தாதடி, ஷாக்கடிக்கும்!" என்று அத்தை கத்தினார்.

மெயினை அணைக்கலாமென்றால், குடியிருப்பவர்கள் தொடக் கூடாதென்று வீட்டுக்காரர் அந்தப் பெட்டியைப் பூட்டியல்லவா வைத்திருக்கிறார்! கரண்ட் என்ன, அவர் பாட்டன் சொத்தா? அத்தை சுத்தியலால் பூட்டை உடைத்து மெயினை அணைத்தார். பூந்தொட்டியிலிருந்த காய்ந்த மண்ணைக் கொட்டித் தீயை அணைத்தேன்.

மாலையில் வீட்டுக்காரர் வந்து குதித்தார். "பூட்ட உடைச்சது யாரு?"

"நான்தான். இன்னொன்னு மாட்டிப் பாருங்க. என் மருமகளுக்கும் கை துறுதுறுங்குது."

அவர் போனதும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

தனிக்குடித்தனத்துக்கு வீடு பார்க்கச் சொன்னேனே, அதை விடுங்கள். மூன்று பேருக்கும் சேர்த்து, ஒழுங்கான வயரிங் உள்ள வீடாகப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அம்மாவின் மருமகள்