ஐந்து குமன்ஜாயி

மார்ச் 4, 2019, திங்கள்

கிளினிக்குக்குப் புதுக் கணினி வந்துவிட்டது. மாக்ஸீன் முதல் வேலையாக என் கைபேசியை வாங்கி அதனோடு இணைத்தாள். எங்கள் புது மேலாளர். அடிலெய்டிலிருந்து வந்து ஆறு வாரம் ஆகிறது. டயாலிசிஸுக்கு வருகிறவர்களை எங்கள் பழங்குடி மக்களின் முகாம் முகாமாகப் போய் ஏற்றி வருவது நான்தான். அதனால் ஊரின் எண்கள் எல்லாம் என்னிடம்தான் இருக்கின்றன. பத்து வருடச் சேமிப்பு, நானூற்றுப் பன்னிரண்டு பெயர்.

"இனிமே போன்ல மாத்தினா கம்ப்யூட்டர்லயும் மாறும். இங்க மாத்தினா அங்கயும் மாறும்" என்றாள். நல்லதுதானே என்று நினைத்தேன். பிறகு திரையைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஒரே ஆளை ஏன், க்ளெனிஸ், அஞ்சு தடவை போட்டு வச்சிருக்கீங்க?"

ஒரே ஆள் இல்லை, ஐந்து பேர் என்றேன். குமன்ஜாயி சிவப்பு டொயோட்டா. குமன்ஜாயி கால்பந்து. குமன்ஜாயி நாய்க்காரர். குமன்ஜாயி கடை. குமன்ஜாயி பள்ளிக்கூடம். என் அண்ணன் போன வருடம் இறந்தான். அவன் பெயரை நாங்கள் சொல்வதில்லை; எங்கள் காதில் விழவும் கூடாது. அதே பெயர் உள்ள ஐந்து பேரும் அன்றிலிருந்து குமன்ஜாயி; ஆணோ பெண்ணோ, சொல்லக் கூடாத பெயருக்கு நாங்கள் வைக்கும் மாற்றுப் பெயர் அது. குடும்பம் போதும் என்று சொல்லும் வரைக்கும் அப்படித்தான். இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னேன்.

"அப்போ என் பேரும் ஒரு நாள் போயிடுமா?"

"போகும். பக்கத்து ஊர்ல இன்னொரு மாக்ஸீன் இருக்காங்க, என் சின்னம்மா. அவங்க நல்லா இருக்கணும்னு வேண்டிக்கோங்க."

சிரித்தாள். காதில் வாங்கினாளா என்று தெரியவில்லை.

மார்ச் 7, வியாழன்

காலையில் கைபேசியைத் திறந்தால் ஒரே ஒரு குமன்ஜாயி. அவனுக்கு ஐந்து எண்கள்!

நேற்று மாலை மாக்ஸீன் 'இரட்டைகளை ஒன்று சேர்' என்பதை அழுத்தியிருக்கிறாள். ஒவ்வொருவர் பெயருக்குக் கீழும் நான் எழுதி வைத்திருந்த குறிப்புகளும் போய்விட்டன. சிவப்பு டொயோட்டா என் பெரியப்பா. 'செவ்வாய், வியாழன், சனி. எந்த முகாமில் இருக்கிறார் என்று கேட்டுவிட்டுப் போ. மாமியார் முறை உள்ளவர் வண்டியில் இருந்தால் இவருக்கு இரண்டாவது நடை' என்று எழுதியிருந்தேன். மாமியார் முறையும் மருமகன் முறையும் ஒரே வண்டியில் உட்காரக் கூடாது, அது எங்கள் வழக்கம். இப்போது ஒரு வரி இல்லை.

முதல் எண்ணை அடித்தேன். கால்பந்து எடுத்தான்.

"எனக்கெதுக்கு அத்தை ரத்தம் கழுவணும்? எனக்கு ரெண்டு கிட்னியும் ஜம்முனு ஓடுது. உனக்கு வேணும்னா ஒண்ணு தரேன்."

இரண்டாவது எண்ணில் நாய்கள் மட்டும் பேசின. மூன்றாவது அணைந்து கிடந்தது. நான்காவதும் வேறு ஆள். ஐந்தாவதில் பெரியப்பா கிடைத்து, அவரைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது அவருடைய டயாலிசிஸ் நாற்காலி வேறு ஒருவருக்குப் போய்விட்டது. பெரியப்பாவின் கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. நாளைக்குத்தான் இடம் என்று நர்ஸ் சொல்லிவிட்டாள்.

"ஏழு மணிலேர்ந்து ரோட்டோரம் உக்காந்திருந்தேன். நாற்காலி என்னை மறந்துடுச்சா, இல்ல நீ மறந்துட்டியாம்மா?" என்று கேட்டார்.

கோபம் கோபமாக வருகிறது.

மார்ச் 8, வெள்ளி

பெரியப்பாவை முதல் ஆளாகக் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டு நேரே மாக்ஸீனிடம் போனேன். மன்னிப்புக் கேட்டாள். உடனேயே ஒரு படிவத்தையும் நீட்டினாள். எல்லோருடைய உண்மைப் பெயரும் வேண்டுமாம். அந்தக் கட்டத்தில் சிவப்பு நட்சத்திரம் போட்டிருந்தது. நிரப்பாமல் கணினி ஏற்காதாம்.

"அஞ்சு பேருக்கும் ஒரே பேர்தான். அதை எழுதினாலும் அஞ்சும் ஒண்ணுதான்" என்றேன்.

"குடும்பப் பேர் வேற வேற இல்லையா, அதை வச்சுப் பிரிச்சுக்கும். கம்ப்யூட்டருக்கு மட்டும்தானே க்ளெனிஸ்? அதுக்கென்ன காதா இருக்கு?"

"எனக்கு இருக்கு."

என் அண்ணன் பெயரை ஐந்து முறை எழுதச் சொல்கிறாள். என் கையால். நானா? செத்தாலும் மாட்டேன்.

மார்ச் 11, திங்கள்

படிவத்தை அந்தக் கட்டங்கள் காலியாகவே திருப்பிக் கொடுத்தேன்.

மார்ச் 12, செவ்வாய்

இதை எழுதவே பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

வண்டியில் பெரியப்பா முன்னால், அக்கா பின்னால். அக்காவுக்கும் இன்று முறை. தண்ணீர்த்தொட்டியைத் தாண்டியதும் கைபேசி அடித்தது. யார் அழைக்கிறார்கள் என்று வண்டியே உரக்கச் சொல்லும். ஓட்டும்போது கைபேசியைப் பார்க்க வேண்டாமே என்று நான்தான் அந்த வசதியை வைத்திருந்தேன். இன்று அது என் அண்ணன் பெயரைச் சொன்னது. முழுதாக. சிரித்த முகத்தோடு பேசுகிற பெண் குரலில்.

ஒவ்வொரு மணிக்கும் சொன்னது. மூன்று தடவை. நான் தடவித் தடவி நிறுத்துவதற்குள் மூன்று தடவை!

அக்கா அலறினாள். அண்ணன் இறந்த அன்றைக்கு அழுதாளே, அதே அழுகை. பெரியப்பா முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். நான் வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறங்கிப் போய்ச் செம்மண்ணில் உட்கார்ந்தேன். அழைத்தது கால்பந்துதான், சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போக வண்டியில் இடம் கேட்க. பாவம், அவனுக்கு என்ன தெரியும்?

நான் எழுதாததை நோயாளிக் கோப்புகளைப் பார்த்து மாக்ஸீனே நிரப்பியிருக்கிறாள். கணினியில் மாற்றினால் கைபேசியிலும் மாறும். அன்றைக்கே சொன்னாளே!

கால் மணி நேரம் கழித்து அக்காதான் கண்ணாடியைத் தட்டினாள். "வண்டிய எடு. மெஷின் காத்திருக்கும். அவளை அப்புறமா பாத்துக்கலாம்."

மார்ச் 13, புதன்

பார்த்துக்கொண்டேன். சாவியை அவள் மேசையில் வைத்தேன். கைபேசியையும் அவள் கண் முன்னாலேயே கணினியிலிருந்து துண்டித்தேன்.

"இந்தப் பேர் இதுல இருக்கிற வரைக்கும் நான் வண்டி எடுக்க மாட்டேன்."

"நாளைக்கு நாலு பேருக்கு டயாலிசிஸ் இருக்கு. இப்படிப் பண்ணினா ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்லேர்ந்து வேற டிரைவரைத்தான் கூப்பிடணும்."

"கூப்பிடுங்க. எந்த முகாம், எந்தக் கதவு, யாரோட யாரை ஏத்தக் கூடாதுன்னு அவன் உங்க கம்ப்யூட்டர்கிட்ட கேட்டுக்கட்டும்."

முகம் சிவந்துபோனாள். பெரியப்பாவின் வீங்கிய கால்களை நினைத்தால் தூக்கம் வராது. ஆனாலும் சாவியைத் திரும்ப எடுக்கவில்லை. நாளை என் தங்கை மகள் காரில் நால்வரையும் நானே கூட்டி வருவேன். கிளினிக் வண்டிதான் ஓடாது.

மார்ச் 14, வியாழன்

நால்வரும் நேரத்துக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் மட்டுமா வந்தார்கள்? ஐந்து குமன்ஜாயியும் வந்து மாக்ஸீன் அறையில் நின்றார்கள். யாரும் நான் சொல்லி வரவில்லை, அக்கா வேலை. நாய்க்காரரோடு ஏழு நாய்கள். ஒன்று மாக்ஸீனின் நாற்காலிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"எங்களை ஒண்ணாச் சேத்துட்டீங்களாமே? எனக்குப் பல்லு இல்ல, இந்தப் பையனுக்கு இருக்கு. சாப்பாடு யாருக்குப் போவுது?" என்றார் பெரியப்பா.

கால்பந்து சிரித்துவிட்டான். பிறகு மாக்ஸீனும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வண்டியில் நடந்ததை அக்கா அவளிடம் சொல்லியிருக்கிறாள், நேற்று, அவள் வீட்டுக்கே போய். எனக்குத் தெரியாது.

நாற்காலியை எனக்கு விட்டுவிட்டு அவள் நின்றாள். நான் தட்டினேன். சிவப்பு நட்சத்திரக் கட்டத்தில் குமன்ஜாயி, குடும்பப் பெயர்க் கட்டத்தில் சிவப்பு டொயோட்டா. கணினி ஏற்றுக்கொண்டது! மற்ற நால்வரும் வரிசையாக வந்து நின்றார்கள். நாய்க்காரர் தன்னை 'நல்ல நாய்க்காரர்' என்று போடச் சொன்னார், போட்டேன்.

'இரட்டைகள் உள்ளன, சேர்க்கவா?' என்று கேட்டது. வேண்டாம் என்பதை மாக்ஸீனே அழுத்தினாள். நான் சாவியை எடுத்துக்கொண்டு கைபேசியை மறுபடி கணினியோடு இணைத்தேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

பக்கத்து ஊர்ச் சின்னம்மா இன்று காலையில் போய்விட்டார்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

இரண்டு நாளாக ஒரே அழுகை. வண்டியை மட்டும் நிறுத்தவில்லை.

மேலாளருக்கும் சின்னம்மாவின் பெயர்தான் என்பதால் இந்த நோட்டின் முன்பக்கங்களில் அந்தப் பெயர் இறைந்து கிடக்கிறது. எல்லாப் பக்கங்களையும் சேர்த்து கிளிப் போட்டு மூடிவிட்டேன்.

மேலாளரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே கிளினிக்குக்குப் போனேன். கதவிலிருந்த பெயர்ப் பலகை இல்லை. நான்கு திருகு ஓட்டைகள் மட்டும் இருந்தன. அவள் சட்டையில் குத்தியிருந்த அட்டையையும் காணோம். கணினியில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 22, வியாழன்

பெரியப்பா முன்னால், அக்கா பின்னால். தண்ணீர்த்தொட்டியைத் தாண்டியதும் கைபேசி அடித்தது. மூன்று பேரும் விறைத்துப்போனோம்.

"அழைப்பது, குமன்ஜாயி அலுவலகம்" என்றது வண்டி.

பின்னாலிருந்து அக்கா என் தோளைத் தட்டினாள். "எடு, எடு. நம்ம ஆளுதான்."