காகிதத்தில் சுற்றிய தசை

ஸ்ரெம், யுகோஸ்லாவியா
20 டிசம்பர் 1984

மகள் ஸ்லாவிட்சாவுக்கு,

பன்றி அறுத்த அன்று இருந்தவர்கள்: உன் அண்ணன் மோமிர், அவன் பெண்டாட்டி சோர்கா, கசாப்புக்கார ஷிவான், நீ, நான். ஷிவான் இதயத்தையும் நுரையீரலையும் சேர்த்துத் தூக்கிக் கொக்கியில் மாட்டினான். அதற்கடியில் விரிப்பு மாதிரி இருந்த தசையில் ஒரு துண்டு அறுத்து, காகிதத்தில் சுற்றி உன்னிடம் தந்தான். "புழு இருந்தா இங்கதான் முதல்ல குடியேறும். வியன்னா பஸ்ஸுக்குப் போற வழியில மாட்டு டாக்டர்கிட்ட காட்டிடும்மா." சாயங்காலம் நீ போனில், "சுத்தமா இருக்காம், சாப்பிடுங்க" என்றாய்.

எனக்கும் சோர்காவுக்கும் கிறிஸ்துமஸ் நோன்பு, கறியைத் தொடவில்லை. மோமிர் என்றைக்கு நோன்பு இருந்தான்? இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். இமை வீங்கிவிட்டது, மூச்சை இழுத்தால் விலா வலிக்கிறது. டாக்டரம்மா சொன்னாள்: "பன்றிக்கறிப் புழு பாட்டி. நெஞ்சுக்கடியில விரிப்பு மாதிரி இருக்கிற உதரவிதானத்துல புகுந்திருக்கு. அது கீழ இறங்கினாத்தான் நுரையீரலுக்குக் காத்து வரும். தூக்கத்துலகூட ஓயாது. இதயம் அதுமேலதான் உக்காந்திருக்கு. இப்போ அதுவும் தடுமாறுது."

நேற்று மாட்டு டாக்டரிடம் போனேன். நம் துண்டு வரவே இல்லை என்கிறார். பொய் சொல்வது அவரா, நீயா? பிள்ளைகளுக்கு முத்தம்.

அம்மா தெசாங்கா


வியன்னா
27 டிசம்பர் 1984

அன்புள்ள அம்மா,

டாக்டர் வாசலில் பெரிய வரிசை. பஸ்ஸை விட்டால் மறுநாள் வேலை போயிருக்கும். நம் பன்றிகளுக்கு ஒருநாளும் எதுவும் வந்ததில்லையே என்று நினைத்தேன். குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டேன். அண்ணன் மூச்சு விடுகிறானா? அதை மட்டும் எழுதுங்கள். நான் வரட்டுமா?

ஸ்லாவிட்சா


ஸ்ரெம்
8 ஜனவரி 1985

மூச்சு விடுகிறான். நாலு படி ஏறினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். இனி அப்படித்தானாம்.

பஸ்ஸுக்குப் பயந்தாய், சரி. நானும் முதலாளிகளுக்குப் பயந்தவள்தான். ஆனால் அவன் படுத்த அன்று சோர்கா போனில், "உண்மையிலேயே காட்டினியா?" என்று கேட்டாள். "காட்டினேன் அண்ணி" என்றாய். அதை நம்பிப் பத்து நாள் சளிக்காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார்கள். அந்தப் பத்து நாளில்தான் இதயம் கெட்டது.

மோமிர் உன்னை வரச் சொல்கிறான். அவனுக்கு உன்மேல் கோபமே இல்லையாம். வந்து பார்த்துவிட்டு அப்படியே போய்விடு. என் சமையலறையில் உனக்கு நாற்காலி கிடையாது.

நேற்று நம் பழைய காலண்டர்படி கிறிஸ்துமஸ். அதற்கு முன்னால் பாதிரியார், எல்லாரையும் மன்னித்தாயா என்று கேட்டார். பெயர் பெயராகச் சொன்னேன், செத்துப்போன மாமியார் உட்பட. ஒரு பெயர் வாயில் வரவில்லை. "யாரும்மா அது?" என்றார்.

ஸ்லாவிட்சா என்றேன்.