எஞ்சினைப் பிரிக்க வா

அன்புள்ள பெரியவனுக்கு,

உன் நைனாவின் காரியம் முடிந்து நீ பட்டணத்துப் பட்டறைக்குத் திரும்பியதும், உன் தம்பி அந்த எஞ்சினைப் படகிலிருந்து கழற்றி வாசலில் வைத்துக்கொண்டான். உள்ளே ஒரே கரி. என் அடுப்புச் சட்டிகூட அவ்வளவு கறுத்ததில்லை.

"முழுசா பிரிச்சு பார்ட்டு மாத்தணும்டா, அண்ணன் வரட்டும்" என்றேன்.

"கரிய சொரண்டினாலே ஓடும்மா. அதுக்குள்ள எறா சீசன் பூடும். நீ இன்னா, மெக்கானிக்கா?" என்று சிரிக்கிறான்.

அன்றைக்கு நைனாவும் கரியை மட்டும் சுரண்டிவிட்டுத்தான் போனார். ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தில் அலை எழும்பும் இடமாகப் பார்த்து எஞ்சின் நின்றது. படகு புரண்டது. அவர் கரை சேரவில்லை.

அதனால் எஞ்சினில் சுற்றி இழுத்துக் கிளப்பும் கயிற்றை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தேன். நீ லீவு போட்டு வந்து பிரிக்கிறவரை அது அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இங்கே நிறுத்திவிட்டு, உலைக்கு அரிசி எடுக்கப் போனேன். பானையில் கயிறு இல்லை. வாசலில் எஞ்சினும் இல்லை.

ஏரிப் பக்கம் எஞ்சின் சத்தம் கேட்கிறது. விட்டு விட்டுக் கேட்கிறது. இதைத் தபாலில் போடச் சொல்லிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுக் கரைக்கு ஓடுகிறேன். கிடைத்ததும் புறப்படு.

உன் அம்மா