உயர்ந்த இடக்கைகள்

செவ்வாய்க்கிழமை.

மூன்றாம் வகுப்பில் இன்று ஆங்கிலப் பன்மை படிப்பித்தேன். இரண்டு பென்சில்களைக் காட்டி, இதை எப்படிச் சொல்வது என்று கேட்டேன். வழக்கம்போல வகுப்பே கை தூக்கியது, ஒருநாளும் வாய் திறக்காத நிறோஜா கூட. இது புதுப் பாடம்; யாரோ ரியூசனில் முன்கூட்டியே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள் என்று சந்தேகப்பட்டேன். பிறகுதான் கவனித்தேன்: பாதிப்பேர் தூக்கியிருந்தது இடக்கை.

“ஏன் பிள்ளை இடக்கை?” என்று நிறோஜாவிடம் கேட்டேன்.

“தெரியாட்டி இடக்கை, ரீச்சர். ஆரும் பாக்க வந்தால் எல்லாரும் தூக்கோணுமெண்டு முந்தின ரீச்சர் சொன்னவா.”

“இண்டைக்கு ஒருத்தரும் பாக்க வரேல்லையே?”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “நீங்கள் வந்திருக்கிறியள்தானே.”

விசுவமடுவுக்கு மாற்றலாகி வந்து ஒரு பள்ளித் தவணை முடிகிறது. இத்தனை நாளும் அந்தக் கைகளை நம்பித்தான் அடுத்த பாடத்துக்குப் போனேன்.