வருத்தம் பார்க்க வந்தவர்கள்

அலுவிகாரை
06.03.2020

அன்பு மகள் நிஷ்மியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் வாப்பாவுக்கு இருமல் இல்லை, எனக்குக் காய்ச்சல் இல்லை. இந்த நாட்களில் நலம் என்றால் இவ்வளவுதான், அல்ஹம்துலில்லாஹ். மெல்பேர்னில் நீயும் மருமகனும் அப்படியே இருக்க அல்லாஹ் அருள் செய்யட்டும்.

போனில் சொன்னால் நீ அழுவாய், நான் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். விமானங்கள் நிற்பதற்குள் அங்கே வந்துவிடச் சொல்லி நீ எனக்குப் போட்ட டிக்கெட்டை ரத்துச் செய். ஓய்வுக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. லீவு கேட்கப்போவதில்லை.

ஏன் என்று சொல்கிறேன். புதுக் காய்ச்சலுக்கு எல்லா ஆஸ்பத்திரிகளும் தயாராக வேண்டும் என்று கொழும்பிலிருந்து சுற்றறிக்கை வந்தது. எங்கள் ஆஸ்பத்திரியை உனக்குத் தெரியும். யட்டவத்தைப் பக்கம், முப்பது கட்டில், ஒரு டொக்டர். ஒரு நாட்டின் தயாரிப்பு எங்கள் வாசலுக்கு வந்து சேரும்போது அது ஒரு வார்டு, ஒரு கதவு, ஒரு தாதி. தாதி நான்.

கடைசி வார்டை ஒதுக்கினோம். திங்கட்கிழமை ஒத்திகை. எங்கள் சிற்றூழியர் ஜெஸ்லாவை நோயாளியாகப் படுக்கவைத்தோம். வெளியே யாருக்கும் சொல்ல வேண்டாம், நிஜம்போல் நடக்கட்டும் என்றது நான்தான். பத்து மணிக்குப் படுத்தாள். பதினொன்றுக்கு அவளுடைய மாமி ஓதின தண்ணீர்ப் போத்தலோடு வந்துவிட்டார், பின்னால் மூன்று ஆட்டோ, அதற்குப் பின்னால் ஒரு வேன், பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா செவ்விளநீர்க் குலையோடு. காவலாளி மறித்திருக்கிறார். வருத்தம் பார்க்க வந்தவங்கள மறிக்கிறியே, நீ படுத்தா ஒன்னப் பாக்க யாரு வருவா என்று மாமி கேட்டாராம். அவர் விலகிவிட்டார். ஜெஸ்லா சிரிப்பை அடக்கப் போர்வைக்குள் குலுங்கினாள். அல்லாஹ்வே, மூச்சு இழுக்குது என்று, உயிர் போகிறவளுக்கு ஓதுவதுபோல் மாமி யாசீன் ஓதத் தொடங்கினார்.

வார்டுக் கதவைத் திறந்துவிட்டது யார்? நான். முப்பத்தைந்து வருடத் தாதி. கை தானாகவே திறந்தது. நோயாளியிடம் வருத்தம் பார்க்க வந்தவரை வாசலில் நிறுத்தி எனக்குப் பழக்கமில்லை. முப்பத்தொரு பேர் கட்டில் கம்பியைத் தொட்டார்கள். டொக்டர் ஏசவில்லை. சிஸ்டர், இது நிஜமா இருந்தா இந்த முப்பத்தொரு பேரும் நம்ம நோயாளிங்க என்று மட்டும் சிங்களத்தில் சொன்னார்.

சுற்றறிக்கையை மறுபடி வாசித்தேன். முகக்கவசம் இருந்தது. கையுறை இருந்தது. மாமி இல்லை. எழுதியவர்களுக்கு அவரைத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் இங்கே இருக்கவேண்டிய காரணம் அதுதான் மகள், வேறொன்றும் இல்லை.

மறுநாள் மாமியின் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். நல்லா இருக்கிறவளுக்கு யாசீன் ஓத வச்சிட்டீங்களே, வெக்கமா இல்லையா என்று ஏசினார். ஏசி முடித்ததும் தேநீர் தந்தார். குடித்துக்கொண்டே நான் வந்த காரியத்தைச் சொன்னேன். புதன்கிழமை இரண்டாவது ஒத்திகை. காவலாளிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு மாமி உட்கார்ந்தார். உள்ள போய் என்னத்தக் கிழிக்கப் போறீங்க, வீட்டுல இருந்து துஆ கேளுங்க என்று ஒவ்வொருவரையும் திருப்பினார். ஆட்டோக்கள் வந்த வேகத்தில் போயின.

ஒருவரைத் தவிர. வாப்பா. என் சோற்றுப் பார்சலோடு. சிஸ்டரின் புருஷன்தானே என்று மாமி விட்டுவிட்டார். வார்டுக் கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, ஜெஸீமா, நான்தானே என்றார். மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். திறக்கவில்லை. பார்சலைத் தரையில் வைத்துவிட்டுப் போனார். முதுகு தெரியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒத்திகைதான். ஆனாலும் இனி என்னால் முடியும் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆகவே இதையும் கேட்டுக்கொள். நோய் வந்து, நானே அந்த வார்டில் படுக்க நேர்ந்தால், எப்படியாவது வரப்பார்ப்பாய். வராதே. வந்து நின்றாலும் உனக்குத் திறக்கக்கூடாது என்று ஜெஸ்லாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். சரி சிஸ்டர் என்றாள். சிரிக்கவில்லை.

அல்லாஹ் உங்கள் இருவரையும் தன் பாதுகாப்பில் வைத்திருக்கட்டும். மறக்காமல் இன்றைக்கே வாப்பாவுக்குப் போன் எடு. புதன்கிழமையிலிருந்து என்னோடு பேச்சில்லை. இன்று மத்தியானமும் பார்சல் கொண்டுவந்தார். கேட்டிலேயே, இன்னும் நாற்காலியை விடாத மாமியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

உன் உம்மா,
ஜெஸீமா